நீலகிரி வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: கொழும்புத் துறைமுகத்தையும் பாடத்தில் சேருங்கள்

கோத்தகிரி

நீலகிரி மாவட்டத்துப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு, உங்களுள் ஒருவனாக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவன் வணக்கத்துடன் எழுதும் மடல்.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைப் பற்றிய பாடத்தை நான் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததில் தொடங்குவேன். வங்கிகள் மூடப்பட்டதையும், ஜெர்மனியில் வேலையற்றோர் பெருகியதையும், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததையும் கரும்பலகையில் வரிசையாக எழுதுவேன். இந்தியாவில் விளைபொருள்களின் விலை வீழ்ந்ததைச் சில வரிகளில் சொல்லி முடிப்பேன். பணியின் கடைசி ஆண்டில் கைகாட்டிப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவி எழுந்து, "அந்த நேரத்துல நம்ம வீட்டு ஆளுங்க எங்க சார் இருந்தாங்க?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டியும் என் தாயைப் போலவே தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர். "இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில்" என்று ஒரே வரியில் விடை சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அந்த விடை முழுமையானது அன்று என்பது எனக்கு அப்போதே தெரியும். என் குடும்பம் அந்த ஆண்டுகளில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் இருந்தது. அதை அந்த வகுப்பறையில் சொல்லாமல் விட்டது இன்றுவரை என்னை உறுத்துகிறது. அன்று சொல்லாததை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று பகுத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தின் வழியாகக் கோத்தகிரியிலும், குன்னூரிலும், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று உங்கள் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். தாயகம் திரும்பியோர் என்றாலே தோட்டத் தொழிலாளர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பான்மையோருக்கு அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களுக்குள்ளே துறைமுகத்தில் கரி சுமந்தவர்களும், கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டையில் அரிசி மூட்டை தூக்கியவர்களும், இரயில் பாதையில் கல் இட்டவர்களும், கொழும்பு நகரசபையில் நகரசுத்தித் தொழில் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் இடையில் மலைக்குப் போய்த் தோட்டங்களில் சேர்ந்துகொண்டதால், பின்னால் எழுதப்பட்ட தாள்கள் எல்லாவற்றிலும் தோட்டத்தின் பெயரே இருக்கிறது. துறைமுகத்தின் பெயர் எங்கும் இல்லை.

அந்தத் துறைமுகம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல்கள் இலங்கையைத் தொட்டுப் போகத் தொடங்கின. காலித் துறைமுகம் அவற்றுக்குப் போதவில்லை. 1875-இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அது கிழக்குலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. கப்பல்கள் அங்கே நின்றதற்கு முதன்மையான காரணம் நீராவிக்கு வேண்டிய நிலக்கரி. தேயிலையும், ரப்பரும், தேங்காயெண்ணெயும், அங்கே காரீயம் என்று சொல்லப்படும் பென்சில் கரியும் (கிராஃபைட்) வெளியே போயின. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி உள்ளே வந்தது. 1921-இல் சுமார் 2,44,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 1931-இல் சுமார் 2,84,000 பேர் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராகப் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து என் தாத்தா அங்கே போய்ச் சேர்ந்தார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் கப்பல் ஓடியது. ஊரில் இரயிலேறினால் இடையில் ஒரு சிறு கடல் பயணம், பிறகு மீண்டும் இரயில் என்று கொழும்புக் கோட்டை நிலையம்வரை போய்விடலாம். மதுரைக்குப் போவதைவிடக் கொழும்புக்குப் போவது எளிது என்று அவர் சொல்வாராம்.

கரி சுமக்கும் வேலையை உங்கள் மாணவர்கள் கண்முன் காணும்படி விவரிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கப்பல் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட்டு நிற்கும். கரி நிறைந்த தட்டைப் படகுகள் அதன் பக்கத்தில் போய் அணையும். படகிலிருந்து கப்பலுக்குப் பலகை சாய்த்துப் போட்டிருப்பார்கள். மூட்டையையோ கூடையையோ முதுகிலும் தலையிலும் ஏற்றிக்கொண்டு, அடி சறுக்கினால் கடலில் விழக்கூடிய அந்தப் பலகையில் ஒருவர் பின் ஒருவராக ஓடி ஏறிக் கொட்டிவிட்டு இறங்க வேண்டும். கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்பெனிக்குச் செலவு என்பதால் இரவிலும் விளக்கு வைத்து வேலை நடந்தது. தாத்தா வீடு திரும்பினால் கண்ணின் வெள்ளையும் பல்லும்தான் தெரியும் என்றும், கிணற்றடியில் அவர் குளித்த தண்ணீர் ஓடிய இடத்தில் புல் முளைக்காது என்றும் என் அப்பாயி, அதாவது தந்தையின் தாயார், சொல்வார். என் தந்தைக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தாத்தாவுக்கு இருமல் இருந்தது. அது எந்த நோய் என்று எந்த மருத்துவரும் எழுதி வைக்கவில்லை.

இவ்வளவு கடினமான வேலையும் அன்றாடம் கிடைப்பதாக இல்லை. துறைமுகத் தொழிலாளி மாதச் சம்பளக்காரர் அல்லர். விடியுமுன் வாயிலில் போய் நிற்க வேண்டும். கங்காணியோ ஒப்பந்தக்காரரின் ஆளோ வந்து, அன்றைக்கு எத்தனை கப்பல் என்று பார்த்து, அத்தனைக்குத் தேவையான தலைகளை எண்ணி உள்ளே விடுவார். எண்ணிக்கை முடிந்ததும் மீதிப் பேர் திரும்பிப் போவார்கள். கங்காணிக்கு ஒரு பங்கு கொடுப்பவரின் முகம் அவர் கண்ணில் முதலில் படும். மலைத்தோட்டத்தில் கங்காணிமுறையின் கொடுமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் தோட்டத்துத் தொழிலாளரைக் கடன் சீட்டால் கட்டிவைத்த துண்டுமுறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று விகிதம் வைத்தது. அந்தக் கூலி போதாத கூலிதான். எனினும் சட்டத்தில் எழுதப்பட்ட கூலி அது. துறைமுகத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. வேலையில் கை கால் போனால் இழப்பீடு தரும் சட்டமும் 1934-இல்தான் இயற்றப்பட்டது. கூலி மதிப்பில் துறைமுகம் தோட்டத்தைவிட மேல் என்று நம்பி ஊரிலிருந்து போனவர்கள், மாதத்தில் எத்தனை நாள் அந்தக் கூலி கைக்கு வந்தது என்று கணக்குப் பார்த்தபோதுதான் உண்மையை உணர்ந்தார்கள்.

பெண்களுக்கும் வேலை இருந்தது. என் அப்பாயி கொழும்பிலேயே பிறந்தவர். அவருடைய தாயார் முதல் உலகப் போர்க் காலத்தில் காரீயக் கொட்டிலில் வேலை செய்தார். சுரங்கத்திலிருந்து வரும் காரீயத்தைத் தரம் பிரித்துப் பீப்பாயில் அடைப்பதற்குமுன் தட்டி, சலித்து, பொறுக்கும் வேலை பெண்களுடையது. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்குக் காரீயம் தேவைப்பட்டதால் அந்த ஆண்டுகளில் அது மிகுந்த விலைக்குப் போயிற்று. 1918-இல் போர் ஓய்ந்ததும் அந்த வாணிகம் சரிந்து விழுந்தது. உலகம் அமைதியைக் கொண்டாடிய மாதங்களில் கொழும்பின் காரீயக் கொட்டில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கூடவே 1919-இல் அரிசித் தட்டுப்பாடும் வந்தது. இந்திய அரசு அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால், இறக்குமதி அரிசியையே நம்பியிருந்த இலங்கையில் விலை தாறுமாறாக ஏறியது. பாணும் வெறும் தேநீரும் ஒரு வேளைச் சாப்பாடாக ஆனது அப்போதுதான் என்று அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். ரொட்டியைப் பாண் என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் தாயகம் திரும்பியோர் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டால் கிண்டல் செய்ய விடாதீர்கள்.

குடியிருப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சொல்லை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கொழும்பில் செல்வர்கள் வாழ்ந்த பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். அகன்ற சாலைகளும் மரநிழலும் உள்ள பகுதி அது. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடங்களுக்கும் அந்நகரில் தோட்டம் என்றே பெயர். ஒரு பெரிய மனையின் பின்புறத்தில், எதிரெதிராக ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுவார்கள். அறைக்கு ஒரு வாசல் மட்டும் உண்டு, சன்னல் கிடையாது. அத்தனை குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு குழாய், ஓரிரு கழிப்பிடங்கள். மலைத்தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் அதே அளவு, அதே வடிவம். ஆனால் லயத்துக்கு வெளியே காற்றும் மலையும் இருக்கும், இங்கே வெளியே சாக்கடையும் அடுத்த லயத்தின் சுவரும் இருக்கும். கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கொம்பனித்தெரு ஆகிய பகுதிகளில் துறைமுகத் தொழிலாளர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். 1914-இல் கொழும்புக்குள் பிளேக் நோய் நுழைந்தது. அரிசிக் கிடங்குகளின் எலிகளோடு பரவிய அந்த நோய், பின்வந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்பத் தாக்கியது நெருக்கமான இந்தப் பகுதிகளைத்தான். 1921-இல் பேட்ரிக் கெடிஸ் என்ற புகழ்பெற்ற நகரமைப்பாளர் கொழும்புக்கு ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். அதைக் கிழக்கின் பூங்கா நகரமாக ஆக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தின் பசுமை எங்கள் அறைவரை வந்து சேரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே அவர்கள் ஒரு வாழ்வையும் கட்டியிருந்தார்கள். செட்டியார் தெருவிலிருந்து முருகனின் ஆடிவேல் திருவிழாத் தேர் புறப்படும் நாளை அப்பாயி சொல்லத் தொடங்கினால் அவர் முகமே மாறிவிடும். 1930-இல் வீரகேசரி நாளிதழ் தொடங்கியது. எழுத்தறிந்த ஒருவர் தேநீர்க்கடையில் அதை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்களாம்.

தொழிற்சங்க வரலாற்றை நடத்தும்போது நம் நாட்டு நிகழ்வுகளைச் சொல்கிறோம். அதே காலத்தில் கொழும்பில் நடந்ததையும் சொல்லுங்கள். 1922-இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1923-இல் இரயில்வே பட்டறைகளில் தொடங்கிய வேலைநிறுத்தம் துறைமுகத்துக்கும் பரவிச் சுமார் 20,000 பேர் கலந்துகொண்ட பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. 1927-இல் துறைமுகத் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். 1929-இல் டிராம் தொழிலாளர் போராட்டத்தின்போது கூட்டம் மருதானைக் காவல் நிலையத்தைச் சூழ்ந்துகொண்டதும், துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்ததும் நடந்தன. இந்தப் போராட்டங்களில் சிங்களத் தொழிலாளியும், தமிழ்த் தொழிலாளியும், மலையாளத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்றார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து போன கோ. நடேசய்யர் குணசிங்கவுக்குத் துணையாகச் சங்கத்தில் பணியாற்றினார். தேசபக்தன் என்ற இதழை நடத்தினார். பின்பு மலைநாட்டுக்குச் சென்று தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். இவர்கள் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பதற்கு நாம்தான் பொறுப்பு.

இனி, 1929 பங்குச் சந்தைச் சரிவோடு தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கடினம் அன்று. பச்சைத் தேயிலையின் விலை கிலோவுக்குச் சில ரூபாய் இறங்கினால் வீட்டில் என்ன நேரும் என்பது படுகர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். 1929-க்குப் பின் தேயிலை, ரப்பர், தேங்காய் ஆகிய மூன்றின் விலையும் ஒருசேர விழுந்தன. இலங்கையின் ஏற்றுமதி ஏறத்தாழ முழுவதும் இந்த மூன்றையே நம்பியிருந்தது. 1933-இல் இந்தியாவும், இலங்கையும், டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளும் சேர்ந்து தேயிலை ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள உடன்பாடு செய்தன. அந்த ஓர் உடன்பாடு குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களையும் கட்டுப்படுத்தியது, கொழும்புத் துறைமுகத்தின் வாயிலில் நின்றவர்களையும் கட்டுப்படுத்தியது. பெட்டிகள் குறைந்தன, பெட்டிகளை ஏற்றும் நாட்கள் குறைந்தன. அதே ஆண்டுகளில் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தன. எண்ணெயைக் குழாய் வழியே ஏற்றிவிடலாம். அதற்கு முதுகுகள் தேவையில்லை. வாணிகம் மீண்டபின் தேயிலைப் பெட்டிக்கு ஆள் தேவைப்பட்டது போலக் கரிக்கு ஆள் தேவைப்படவில்லை. மந்தம் ஒரு பக்கம் தற்காலிகமாக வேலையைக் குறைத்தது, இயந்திர மாற்றம் மறுபக்கம் நிலையாகக் குறைத்தது என்ற இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து மாணவர்களுக்கு விளக்குங்கள். பெருமந்தப் பாடத்தில் இந்த இரண்டாவது காரணத்தை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

கடன் வந்த வழியும் அடைபட்டது. ஐரோப்பிய வங்கிகளிடம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் பெற்று, அதை இறக்குமதி வணிகருக்கும் நிலவுடைமையாளருக்கும் கொடுத்து வந்தார்கள். விலைகள் வீழ்ந்ததும் வங்கிகள் கையை இறுக்கின. செட்டியார்கள் கொடுத்ததைத் திரும்பக் கேட்டார்கள். கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. அதனால் மூண்ட கசப்பு செட்டியாரோடு நிற்காமல் இந்தியர் எல்லோர்மேலும் படர்ந்தது. இலங்கைக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற கோரிக்கை அந்தச் சூழலில் வலுப்பெற்று, 1939 ஆகஸ்ட் 1 அன்று இலங்கை வங்கி திறக்கப்பட்டது. தொழிலாளிக்கு வங்கியும் இல்லை, செட்டியாரும் இல்லை. தெருமுனைப் பலசரக்குக் கடையும், வட்டிக்குக் கொடுக்கும் பட்டாணியரும்தான் இருந்தார்கள். அரிசி விலை அந்த ஆண்டுகளில் குறைந்திருந்தது என்பது உண்மை. மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு அதனால் நன்மை இருந்தது. வாயிலில் நின்று எண்ணிக்கையில் சேராமல் திரும்பியவருக்கு அரிசி எந்த விலையில் விற்றாலும் ஒன்றுதான். தாத்தா ஊருக்கு அனுப்பும் மணியார்டர் நின்றதும், அங்கே அடகு வைத்த காணி மீட்க முடியாமல் போனதும் அப்போதுதான்.

வேலை குறையக் குறைய, ஒன்றாய் நின்ற வரிசை பிளந்தது. நகரத்தில் பட்டினி கிடந்த சிங்களத் தொழிலாளி, துறைமுகத்திலும் இரயில்வேயிலும் வெளிநாட்டார் இத்தனை பேர் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டார். பட்டினி கிடப்பவர் அப்படிக் கேட்பதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் 1920-களில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போராடிய குணசிங்க, 1930-களில் மலையாளிகளுக்கும் மற்ற இந்தியத் தொழிலாளருக்கும் எதிரான இயக்கத்தை முன்னின்று நடத்தினார் என்பது வரலாற்றின் துயரமான பக்கம். 1933-இல் வெள்ளவத்தை நூற்பாலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் இந்தப் பிளவு வெளிப்படையாகத் தெரிந்தது. இளம் சோசலிசவாதிகள் அந்தத் தொழிலாளர் பக்கம் நின்றார்கள், குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். மந்தம் ஜெர்மனியில் எப்படி வெறுப்பை வளர்த்தது என்பதை நாம் பக்கம் பக்கமாக நடத்துகிறோம். அதே மந்தம் நம் பாட்டன்மார் நின்ற வரிசையில் என்ன செய்தது என்பதையும் சொன்னால், அந்தப் பாடம் பிள்ளைகளின் மனத்தில் வேறு ஆழத்தில் போய் இறங்கும்.

அன்றைய அரசு இந்தக் கேள்வியை ஆராயாமல் இருக்கவில்லை. இந்தியர் குடியேற்றத்தை ஆராய நியமிக்கப்பட்ட சர் எட்வர்ட் ஜாக்சன் 1938-இல் அறிக்கை அளித்தார். இந்தியத் தொழிலாளரின் வருகை நாட்டின் பொருளாதாரத்துக்குக் கேடு விளைவிக்கவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. இருந்தும் 1939-இல் அரசுத் துறைகளில் தினக்கூலிகளாக இருந்த இந்தியரைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1934 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்கள் நீக்கப்படுவார்கள், அதற்கு முன் சேர்ந்தவர்கள் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பலாம் என்பது அதன் சாரம். அந்த ஜூலையில் காங்கிரஸின் சார்பில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்குச் சென்று பேசினார், திட்டம் கைவிடப்படவில்லை. அவர் வந்துபோன நாட்களிலேயே இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1939 ஆகஸ்ட் 1 முதல், உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. தொழிலாளரின் மானத்தைக் காக்கவே அந்தத் தடை என்று கூறப்பட்டது, அந்த நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் ஊருக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் போக முடியாமல் தவித்தார்கள். கொழும்பில் இருந்தவர்கள் ஊருக்கு வரவே அஞ்சினார்கள். என் அப்பாயியின் தங்கை அப்படி இக்கரையில் நின்றுபோனவர். இருவரும் மறுபடி சந்தித்தபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

தாத்தா துறைமுகக் கரி வேலை குறைந்தபின் ஓர் அரசுத் துறையில் தினக்கூலியாக 1935-இல் சேர்ந்திருந்தார். 1934 ஏப்ரல் என்ற அந்த ஒரு தேதி அவரை வெளியே தள்ளியது. கொழும்பில் பிறந்த மனைவியையும் ஏழு வயது மகனையும், அதாவது என் தந்தையையும், அழைத்துக்கொண்டு அவர் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு உறவுக்காரக் கங்காணி ஒருவரைத் தேடிப் போனார். அங்கே, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்த நாளிலிருந்துதான் எங்கள் குடும்பம் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஆனது. 1948-இல் குடியுரிமை போனதும், 1975-இல் நாங்கள் கப்பலேறி, மண்டபத்தில் தங்கி, மேட்டுப்பாளையம் வந்து, மலையேறியதும் அதன் பிற்பகுதி. 1964-இல்தான் முதன்முதலாக நாம் திருப்பி அனுப்பப்பட்டோம் என்று நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்பே துறைமுக நகரத்தில் அது தொடங்கிவிட்டது.

ஆகவே உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். பெருமந்தத்தை நடத்தும் வகுப்பில் ஒரு முழுப் பாடவேளையைக் கொழும்புக்கு ஒதுக்குங்கள். தேர்வுக்கு வராத செய்தி என்று பிள்ளைகள் சொல்வார்கள். வரைபடத்தில் நியூயார்க்கைக் காட்டும் கோலால் கொழும்பையும் தனுஷ்கோடியையும் காட்டத் தேர்வு தடையாக இருக்காது. வீட்டில் இருக்கும் பழைய தாள்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்: கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டை, பிறப்புப் பதிவு, கடிதம், மணியார்டர் இரசீது, எண் பொறித்த வில்லை. பிறந்த இடம் என்ற வரியில் கொழும்பு என்று இருந்தால், அங்கே ஒரு துறைமுகக் கதை இருக்க வாய்ப்புண்டு. மூலத்தாளைப் பள்ளிக்கு எடுத்துவரச் சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் அது திரும்ப வீடு போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. கைபேசியில் படம் எடுத்தால் போதும். எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே பதிவு செய்யுங்கள், நம் பாடநூல் தமிழுக்கு மாற்ற வேண்டாம்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கொழும்பில் நகரசுத்தித் தொழில் செய்தவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அந்தத் தொழிலுக்குச் சாதி பார்த்தே இங்கிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் அதைச் சொல்ல விரும்பாமல் இருப்பதற்குக் காரணம் நம் சமூகம், அவர்கள் அல்லர். வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "உன் தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்டுவிடாதீர்கள். சொல்ல விரும்புகிறவர் எழுதித் தரட்டும். விரும்பாதவர் தன் வீட்டைப் பற்றி எழுதாமல் துறைமுகத்தைப் பற்றிப் பொதுவாக எழுதட்டும், அதற்கும் அதே மதிப்பெண் தாருங்கள்.

என்னிடம் தாத்தாவின் வில்லை ஒன்று இருக்கிறது: பித்தளையில் வட்டமாக வெட்டி, மேலே துளையிட்டு, எண் மட்டும் பொறித்தது. பெயர் கிடையாது. கோத்தகிரி, குன்னூர் வட்டங்களில் எந்தப் பள்ளி அழைத்தாலும், பேருந்து ஓடும் எந்த நாளிலும், அதை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளின் கையில் கொடுத்துக் காட்ட அணியமாக இருக்கிறேன். கூடலூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், இரவு தங்கியும் வருவேன். இப்போது கல்லூரியில் படிக்கும் அந்தக் கைகாட்டி மாணவிக்கு இந்த மடலின் படி ஒன்றைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பிற்குரிய,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்